டப்ளினில் நான்காவதாக நின்றவர் தோற்றதும் அம்பாறையில் எங்களுக்கு ஆசனம் இல்லாமல் போனதும்

களுவாஞ்சிகுடி ஓய்வூதியர் கேட்கிறார்:

2024 நவம்பர் 14 ஆம் திகதி பாராளுமன்றத் தேர்தலில் வாக்களித்தோம், மறுநாள் எங்கள் மாவட்டத்தின் கதை முடிந்துவிட்டது. வீட்டுக்கு (தமிழரசுக் கட்சி) மூன்று, திசைகாட்டிக்கு (தேசிய மக்கள் சக்தி) ஒன்று, மரத்துக்கு (முஸ்லிம் காங்கிரஸ்) ஒன்று. நாடெங்கும் 159 ஆசனங்களை அள்ளிக்கொண்டு போன திசைகாட்டிக்கு முதலிடம் கிடைக்காத ஒரே மாவட்டம் மட்டக்களப்புத்தான் என்று எங்கள் சந்தியில் வெடி கொளுத்தினார்கள். அது பழைய கதை. நான் கேட்க வந்தது அயர்லாந்துக் கதை.

மகள் டப்ளினில் தாதியாக இருக்கிறாள், வீடு கப்ரா என்ற பகுதியில். நாங்கள் வாக்களித்துப் பதினைந்து நாள் கழித்து, 29 ஆம் திகதி, அவர்களுக்கும் பொதுத் தேர்தல். குடியுரிமை இல்லாததால் அவளால் அதில் வாக்களிக்க முடியவில்லை. ஆனால் அந்த நாட்டில் வசிக்கிற எவரும் உள்ளூராட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம் என்பதால் ஜூன் மாதம் மாநகரசபைத் தேர்தலுக்குப் போனாள். சீட்டில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் படம் இருக்குமாம். புள்ளடி கிடையாது. பிடித்தவருக்கு 1, அடுத்தவருக்கு 2, அதற்கடுத்தவருக்கு 3 என்று விரும்பிய மட்டும் இலக்கம் எழுதிக்கொண்டே போகலாம். கட்சிக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று என்ற பிரிவும் இல்லை. ஒரு கட்சிக்காரருக்கு 1 எழுதி, எதிர்க்கட்சிக்காரருக்கு 2 எழுதினால் செல்லும்.

அவள் இருக்கும் டப்ளின் மத்திய தொகுதிக்கு நான்கு ஆசனங்கள். ஜெரி ஹட்ச் என்று ஒருவர் சுயேச்சையாக நின்றார். கொலை வழக்கொன்றில் 2023 இல் விடுதலையானவர், அந்த நகரத்தில் அவர் பெயர் தெரியாதவர் இல்லை. முதல் எண்ணிக்கையில் 3,098 வாக்குகளுடன் நான்காம் இடம். நான்கு ஆசனம், நான்காம் இடம், எங்கள் பழக்கத்தில் அதற்குமேல் என்ன கணக்கு இருக்கிறது? ஆனால் அங்கே கடைசியில் நிற்பவரை நீக்கி, அவருடைய சீட்டுகளை அடுத்த இலக்கம் பெற்றவருக்கு மாற்றி மாற்றி எண்ணுவார்களாம். எண்ணி முடிந்தபோது அந்தக் கடைசி ஆசனம் முதல் எண்ணிக்கையில் அவருக்குப் பின்னால் நின்ற தொழிற்கட்சியின் மேரி ஷெர்லொக் என்ற பெண்ணுக்குப் போய்விட்டது. மற்ற மூன்றும் சின் ஃபெயின் தலைவி மேரி லூ மக்டொனால்ட், அமைச்சராக இருந்த பாஸ்கல் டொனஹூ, சமூக ஜனநாயகக் கட்சியின் கேரி கனன்.

மகளின் தெருவில் இதைப் பற்றி இரண்டு கட்சி. எதிர் வீட்டுக்காரர் பஸ் சாரதியாக இருந்து ஓய்வுபெற்றவர். அவர் ஹட்ச்சுக்கு 1 எழுதிவிட்டுப் பேனையை வைத்தவர். “மேல்தட்டு ஆட்கள் எல்லோரும் சேர்ந்து எங்கள் பக்கத்து ஆளை வெட்டிவிட்டார்கள்” என்று மதிலில் சாய்ந்து நின்று போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறாராம். இரண்டு வீடு தள்ளி இருக்கிற அம்மா அதற்கு நேர் எதிர். அந்த அம்மா சீட்டில் இருந்த பெயர்களுக்கெல்லாம் கீழே வரைக்கும் இலக்கம் போட்டு, ஹட்ச்சுக்கு மட்டும் வெறுமையாக விட்டவராம். “எனக்கு யார் வந்தாலும் சரி, அவர் வரக்கூடாது. அதைச் சொல்ல எனக்கு இந்தச் சீட்டு இடம் தந்தது” என்றாராம். இரண்டு பேருக்கும் மகள் தேநீர் கொடுத்துச் சமாளித்திருக்கிறாள்.

எனக்கு இந்த அம்மாவின் பேச்சுத்தான் பிடித்தது. நான் அரச சேவையில் இருந்த காலத்தில் தேர்தல் தோறும் இந்துக் கல்லூரியில் வாக்கெண்ணப் போனவன். நடுச்சாமம் கழிந்து, விரல் நனைக்கும் பஞ்சும் காய்ந்து போய், ஐம்பது ஐம்பதாக இறப்பர் வளையம் போட்டு அடுக்கும்போது சில சீட்டுகள் கையில் நிற்கும். கட்சிக்குப் புள்ளடி போட்டு, கீழே மூன்று பேருக்குப் போட வேண்டிய இடத்தில் நான்கு பேருக்குப் போட்டிருப்பார்கள். கட்சிக்குச் சேரும், ஆளுக்குச் சேராது. அந்த வாக்காளர் எதையோ சொல்ல வந்திருக்கிறார், சீட்டில் அதற்கு இடமில்லை.

என் கேள்வி இதுதான். 2020 இல் அம்பாறையில், அதாவது திகாமடுல்ல மாவட்டத்தில், ஏழு ஆசனத்தில் ஒரு தமிழர்கூட வரவில்லை. வாக்கு இரண்டாகப் பிரிந்ததால் வந்த வினை என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். அயர்லாந்து முறை இருந்திருந்தால் அந்த ஆசனம் தப்பியிருக்குமா? அம்பாறைப் பக்கத்து ஆட்கள் கோபிக்காமல் சொல்லுங்கள்.

திருக்கோவில் வாசி எழுதுகிறார்:

ஐயா, கோபம் ஒன்றுமில்லை. அந்தக் கணக்கை நான் நித்திரையிலும் சொல்லுவேன். 2020 இல் கருணா அம்மானின் அகில இலங்கைத் தமிழர் மகாசபைக்கு 29,379. வீட்டுக்கு 25,000 சொச்சம். இரண்டையும் கூட்டினால் 54,000 தாண்டும். மாவட்டத்தில் கடைசியாகப் போன ஆசனம் 38,911 வாக்கு எடுத்த குதிரைக்கு, அதாவது அதாவுல்லாவின் தேசிய காங்கிரசுக்குப் போனது. கூட்டிப் பார்க்கத் தெரிந்த பிள்ளைக்கும் விளங்கும்.

எங்கள் முறை எப்படி வேலை செய்கிறது என்பதை இங்கே தம்பிமாருக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஏழில் ஒன்று முதலாவது வந்த கட்சிக்குப் போனஸ். ஐந்து வீதத்துக்குக் கீழே எடுத்தவர்களைத் தூக்கிவிட்டு, மிச்ச வாக்கை ஆறால் வகுப்பார்கள். அன்றைக்கு அது ஏறக்குறைய 60,000. மொட்டு (பொதுஜன பெரமுன) 126,012 எடுத்தது, அதற்கு இரண்டும் போனஸ் ஒன்றும். சஜித் அணி 102,274, அதற்கு முழுதாக ஒன்று. பிறகு மீதி வாக்கு யாரிடம் கூட இருக்கிறதோ அவர்களுக்கு மிச்சம் மூன்று. மயிலின் (மக்கள் காங்கிரஸ்) 43,319, சஜித் அணியின் மீதி 41,000 சொச்சம், குதிரையின் 38,911. எங்கள் இரண்டு குவியலும் தனித்தனியாக வாசலில் நின்றுவிட்டன. ஒரே குவியலாக இருந்திருந்தால் 54,000 தான் வரிசையில் முதலாவது.

ஐயா சொல்கிற முறையில் வீட்டுச் சீட்டுகள் தோற்றதும் அப்படியே குப்பைக்குப் போகாது, இரண்டாவது இலக்கத்துக்கு நகரும். ஏழு ஆசனத்துக்கு வாக்கை எட்டால் வகுத்தால் 45,000 க்கும் 50,000 க்கும் இடையில் ஒரு தொகை. 54,000 அதைத் தாண்டும். ஆகவே தப்பியிருக்கும் என்பதே என் பதில். இந்தமுறை வீடு 33,632 எடுத்துக் கோடீஸ்வரன் வந்தார், அதுவும் வாக்கு ஓரளவு ஒரு பக்கம் சேர்ந்ததால்தான்.

ஒரு குறை மட்டும். அந்த முறையில் எண்ணி முடிக்க நாட்கணக்காகும் என்கிறார்கள். கம்பியூட்டரில் போட்டால் ஒரு மணித்தியால வேலை.

அக்கரைப்பற்று வாசகர் எழுதுகிறார்:

அஸ்ஸலாமு அலைக்கும். திருக்கோவில் தம்பி, கணக்குச் சரி. பேச்சில் மட்டும் ஒரு சின்னத் திருத்தம். “கடைசி ஆசனம் குதிரைக்குப் போனது” என்று சொல்லும்போது உங்கள் வீட்டுத் தென்னையை யாரோ ஏறிப் பறித்தது போல இருக்கிறது. அந்த 38,911 பேரும் வரிசையில் நின்று போட்டவர்கள்தான், நானும் அதில் ஒருவன். அதாவுல்லாவுக்குப் போட்டோம், அவர் வந்தார்.

இனி விசயத்துக்கு வருவோம். நீங்கள் 25,000 வீட்டுச் சீட்டையும் தூக்கி அப்படியே கருணா அம்மானின் குவியலில் வைத்துவிட்டீர்கள். சீட்டு தானாக நடந்து போகாது, வாக்காளர் 2 என்று கையால் எழுதியிருக்க வேண்டும். வீட்டுக்குப் போட்ட உங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் அவருக்கு 2 எழுதியிருப்பார்களா? அந்த நேரம் இரண்டு மேடையிலும் நடந்த பேச்சு எங்கள் ஊருக்கும் கேட்டது. ஒருவரை ஒருவர் துரோகி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து 2 எழுதுகிற ஆட்களை நான் கண்டதில்லை.

அதற்குப் பதிலாக இன்னொன்றைக் கேட்கிறேன். ஆலையடிவேம்பில் இருக்கிற ஒரு தமிழ் விவசாயி, வாய்க்கால் தண்ணீர்ப் பிரச்சினையில் தனக்கு உதவிய அக்கரைப்பற்று ஆளுக்கு 2 எழுதுவாரா? அல்லது நான் ஒரு தமிழ் ஆசிரியருக்கு 2 எழுதுவேனா? வயல் விசயம் என்றால் எழுதலாம். தமிழரும் முஸ்லிம்களும் இழுபறிப்படுகிற கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தின் கதை எழும்பிய கிழமையில் என்றால் இரண்டு பேரும் எழுத மாட்டோம். இதை நான் சந்தோசமாகச் சொல்லவில்லை.

செங்கலடி ஆசிரியை எழுதுகிறார்:

ஆண்கள் மூன்று பேரும் ஆசனத்தைப் பங்கு போட்டு முடிந்துவிட்டதா? மட்டக்களப்பில் இந்தமுறை தெரிவான ஐந்து பேரும் ஆண்கள். சாணக்கியன், சிறிநேசன், சிறிநாத், பிரபு, ஹிஸ்புல்லாஹ். ஐயாவின் டப்ளின் கதையில் எனக்குக் கண்ணில் பட்டது அந்த நான்கு பேரில் இரண்டு பெண்கள் என்பது.

அங்கே கட்சிகள் நிறுத்துகிற வேட்பாளரில் 40 வீதம் பெண்களாக இல்லாவிட்டால் அரசாங்கம் கட்சிக்குக் கொடுக்கிற பணத்தில் பாதியை வெட்டிவிடும். முன்பு 30 வீதம், 2023 இல் 40 ஆக்கினார்கள். அப்படியிருந்தும் இந்தமுறை 174 பேரில் பெண்கள் 44 தான், ஆகவே அது ஒன்றும் சொர்க்கம் இல்லை. எங்கள் பாராளுமன்றத்தில் பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை. உள்ளூராட்சி சபைகளில் மட்டும் 25 வீதம் என்று சட்டம் வந்தது, 2018 இல் எங்கள் பிரதேச சபைக்கும் பெண்கள் போனார்கள். பட்டியலுக்குப் பெயர் தேடி வீடு வீடாக வந்தவர்கள் அந்தப் பெண்களின் கணவன்மாரிடம்தான் கேட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

விருப்பு வாக்குப் பற்றி ஒரு வார்த்தை. மூன்று பேருக்குப் போடலாம் என்றாலும் பெண் வேட்பாளரிடம் “எனக்கு ஒன்று, உங்கள் ஆட்களிடம் சொல்லி எனக்கு ஒன்று” என்று சொந்தக் கட்சிக்காரரே வந்து நிற்பார்கள். அவருடைய நோட்டீசில் அவர் பெயரைவிட முதல் வேட்பாளரின் இலக்கம் பெரிதாக இருக்கும். 1, 2, 3 என்று எழுதுகிற முறையில் இந்தக் கூத்துக் குறையுமா என்பதை மகளிடம் கேட்டுச் சொல்லுங்கள் ஐயா.

களுவாஞ்சிகுடி ஓய்வூதியர் மறுபடியும்:

டீச்சர், கேட்டேன். குறையாதாம். ஒரே கட்சியில் இரண்டு பேர் நின்றால் தெருவைப் பங்கு பிரித்துக்கொள்வார்களாம். ஆற்றுக்கு இந்தப் பக்கம் உள்ளவர்கள் இவருக்கு 1, அவருக்கு 2, அந்தப் பக்கம் மாறி என்று நோட்டீஸ் அடித்துக் கொடுப்பார்கள். பிறகு ஒருவர் இரவோடு இரவாக மற்றவரின் பக்கத்துக்குப் போய்க் கதவு தட்டியதாகச் சண்டையும் வருமாம். அந்த இடத்தில் எனக்கு ஊர் ஞாபகம் வந்தது.

தம்பி சொன்ன கம்பியூட்டர் விசயம். அயர்லாந்துக்காரர்கள் அதையும் செய்து பார்த்தவர்கள். 2002 இல் மூன்று தொகுதிகளில் இயந்திரத்தில் வாக்களிக்க வைத்தார்கள். டப்ளின் வடக்கில் நோரா ஓவன் என்ற முன்னாள் அமைச்சர் தோற்றார். கையால் எண்ணும்போது மணிக்கணக்காக மெல்ல மெல்லத் தெரியவருகிற தோல்வி, அவருக்கு மேடையில் நின்றபடி ஒரே அறிவிப்பில் வந்து விழுந்தது. நாடு அதைப் பார்த்து முகம் சுளித்தது. அதன் பிறகு இயந்திரத்தில் நம்பிக்கையும் போய், ஐந்து கோடி யூரோவுக்கு மேல் கொடுத்து வாங்கியவற்றை வருடக்கணக்காகக் களஞ்சியத்தில் பூட்டி வைத்து, 2012 இல் பழைய இரும்புக்குக் கொடுத்தார்கள். இப்போதும் கையால்தான் எண்ணுகிறார்கள். இந்தமுறை கவன் - மொனகன் தொகுதியில் எண்ணி முடிய டிசம்பர் 2 ஆம் திகதி ஆகிவிட்டது.

எண்ணுகிற மண்டபத்தில் ஒரு வேலியாம். வேலிக்கு இந்தப் பக்கம் எல்லாக் கட்சி ஆட்களும் பென்சிலும் கடதாசியுமாக நின்று, பெட்டி திறந்து சீட்டை விரிக்கும்போதே 1 யாருக்கு என்று எட்டிப் பார்த்துக் கோடு கீறிக்கொண்டு போவார்களாம். பிறகு கட்சி வித்தியாசம் பாராமல் அந்தக் கணக்கைப் பகிர்ந்துகொள்வார்களாம். மத்தியானத்துக்குள் எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்று ஊருக்கே தெரிந்துவிடும். மகள் இதை ஆச்சரியமாகச் சொன்னாள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. இங்கே முடிவு தொகுதி வாரியாகத்தான் வெளியே வரும், கல்குடா, மட்டக்களப்பு, பட்டிருப்பு என்று. எந்தச் சாவடி என்ன போட்டது என்று தெரிந்தால் அடுத்த ஐந்து வருசத்துக்கு அந்த ஊர் வீதியில் தார் விழாது.

அக்கரைப்பற்றுத் தம்பிக்கு. நீங்கள் கேட்டதுதான் சரியான கேள்வி. 2 எழுதுவார்களா? இதற்கு ஊகம் தேவையில்லை, செப்டெம்பர் மாதம் எங்களுக்கே ஒரு பரீட்சை நடந்தது. ஜனாதிபதித் தேர்தல் சீட்டில் 1, 2, 3 எழுதலாம் என்பது 1982 இலிருந்து இருக்கிறது. முதல் தடவையாக 2024 இல்தான் இரண்டாம் சுற்று எண்ணவேண்டி வந்தது. அநுரவுக்கும் சஜித்துக்கும் வெளியே மற்றவர்களுக்குப் போட்டவர்கள் 33 இலட்சத்துக்கு மேல். அவர்களின் சீட்டுகளை மறுபடி விரித்துப் பார்த்தபோது அநுரவுக்கு 105,264, சஜித்துக்கு 167,867. இரண்டையும் சேர்த்தால் 2 இலட்சத்து 73 ஆயிரம். மிச்சம் முப்பது இலட்சம் பேர் இந்த இருவரில் ஒருவருக்கும் அடுத்த இலக்கம் எழுதவில்லை. ஒன்று, எழுதலாம் என்று தெரியாது. அல்லது, தெரிந்தும் எழுத மனம் வரவில்லை. இதில் எங்கள் அம்பிளாந்துறைப் பக்கமும் களுவாஞ்சிகுடிப் பக்கமும் சங்குக்குப் போட்டவர்களும் அடக்கம். சங்குச் சின்னத்தில் நின்ற தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனுக்கு நாடு முழுக்க 226,343. அவருக்குப் போட்ட என் மைத்துனரிடம் “அடுத்த இலக்கம் யாருக்கு?” என்று கேட்டேன். “சங்குக்குப் போட்ட கையால் இன்னொருவருக்கு எழுதச் சொல்கிறீர்களா அத்தான்?” என்று திருப்பிக் கேட்டார்.

கப்ராவில் மதிலில் சாய்ந்து நிற்கிற பஸ் சாரதியும் இதே ஆள்தான். ஒருவருக்கு 1 எழுதிப் பேனையை வைத்தவர்கள் தோற்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை, அவருடைய ஆள் தோற்றது மற்றவர்கள் 2 எழுதாததால். ஆகவே திருக்கோவில் தம்பியின் 54,000 இல் எனக்குச் சந்தேகம். 45,000 ஐத் தாண்ட மகாசபையின் 29,379 உடன் கட்டாயம் சேரவேண்டியது இன்னுமொரு பதினாறாயிரமாவது. வீட்டுக்குப் போட்ட 25,000 பேரில் பதினாறாயிரம் பேர் கருணா அம்மானுக்கு 2 எழுதியிருப்பார்களா?

ஒரு பழைய கதை. 1977 இல் பொத்துவில் இரட்டை அங்கத்தவர் தொகுதி. தமிழரும் முஸ்லிம்களும் ஆளுக்கு ஒருவரை அனுப்பட்டும் என்றே வகுத்த தொகுதி. அனுப்பவும் செய்தார்கள். ஜலால்தீனும் கனகரத்தினமும் போனார்கள். கனகரத்தினம் சில மாதத்திலேயே அரசாங்கப் பக்கம் தாவிவிட்டார். எந்த முறையாலும் அதைத் தடுத்திருக்க முடியாது.

திருக்கோவில் வாசி எழுதுகிறார்:

ஐயா, பதினாறாயிரம் என்று நீங்கள் சொன்னதும் வீட்டில் இருந்தே எண்ணத் தொடங்கினேன். நான் வீட்டுக்குப் போட்டவன். 2 எழுதியிருக்க மாட்டேன். தம்பி எழுதியிருப்பான், அவனுக்கு யாராவது ஒரு தமிழர் போனால் போதும். அம்மா 1 எழுதிவிட்டு மற்றதை என்னிடம் கேட்டிருப்பா. ஒரு வீட்டிலேயே இப்படி என்றால், சரி, தப்பியிருக்கும் என்று அடித்துச் சொன்னதை “தப்பியிருக்கக்கூடும்” என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

அக்கரைப்பற்று நானா, தென்னைப் பேச்சுக்குக் கோபிக்காதீர்கள்.

ஆனால் முறையை மாற்றுங்கள் என்று யாராவது கிளம்பினால் எனக்குப் பயம். மாகாணசபைக்கு என்ன நடந்தது? 2017 இல் தேர்தல் முறையை மாற்றினார்கள், எல்லை நிர்ணயம் என்றார்கள். கிழக்கு மாகாணசபை அந்த வருடம் செப்டெம்பரில் கலைந்தது. இன்னும் தேர்தல் இல்லை, ஆளுநர்தான் ஆள்கிறார். அயர்லாந்தில் 1959 இலும் 1968 இலும் இந்த இலக்க முறையை எடுத்துவிட அரசாங்கம் மக்களிடம் கேட்டதாம், இரண்டு தடவையும் மக்கள் மாட்டோம் என்றார்களாம். அவர்களிடம் கேட்டுத்தான் செய்யவேண்டியிருந்தது. எங்களிடம் யார் கேட்பார்கள்? இருக்கிற ஓட்டைத் தோணியில் முதலில் மாகாணசபைத் தேர்தலை வைக்கட்டும். 1, 2, 3 ஐப் பிறகு பார்க்கலாம்.